சிவப்பு மரங்களின் படம்

டேராடூன், 1984

சிரஞ்சீவி பச்சமுத்துவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். உன் முட்டிவலி தேவலையா?

உன் மகன் பாலிடெக்னிக்கில் முதலாவதாகத் தேறியதையும், மகள் நர்சானதையும் இங்கே எல்லாரிடமும் சொன்னேன். காடு தீப்பிடித்தால் மர உச்சியில் எவ்வளவு எரியும் என்று பிளேனிலிருந்து படமெடுத்தே கணக்குப் போட்டவன் உன் தம்பி சின்னராசு என்றும் சொன்னேன். அந்தப் பிளேன் விழுந்ததைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மருமகள் வேலைக்குப் போனதும் தம்பியின் குழந்தை அவன் எடுத்த படங்களைப் பரப்பிக்கொள்கிறாள். அது ஏதோ தனி பிலிமாம்; பச்சை மரமெல்லாம் அதில் சிவப்பாக விழுந்திருக்கிறது.

"ஆயா, நைனா எந்த மரத்தாண்ட கீறாரு?" என்றாள்.

"படம் புடிச்சவரு படத்துல வரமாட்டாரும்மா."

அவள் தேடுவதை விடவில்லை.

இங்குள்ள கல்யாணப் படத்தில் அவன் குனிந்திருக்கிறான். போன பொங்கலுக்கு உத்திரமேரூர் ஸ்டூடியோவில் நீயும் அவனும் எடுத்துக்கொண்ட படத்தைப் புதிதாக ஒரு காப்பி போட்டு உடனே தபாலில் அனுப்பு. அவன் முகம் பெரிதாகத் தெரியட்டும்.

அம்மா,
தாயாரம்மாள்