எலிகளுக்கு மட்டும்

டாலிகஞ்ச், போர்ட் பிளேர்
12.1.1979

தம்பி ஜெகநாதனுக்கு அக்கா ருக்கு ஆசையோடு எழுதுவது.

மாமாவும் மகள் சுசீலாவும் நானும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. என் பிள்ளை பன்னீர் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி வருமா என்று இன்னும் கேட்கிறார்கள். ஊசி மருந்து வரவேண்டிய மெட்ராஸ் கப்பல் புயலில் நின்றதற்கு யாரைத் திட்டுவது?

என்னை நம் தாய்மாமனுக்கே கொடுத்தார்கள். நானும் சுசீலாவைத் தாய்மாமன் உனக்கென்றே வைத்திருக்கிறேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளி அம்மாள் தினமும் 'ஷாதி கப்?', கல்யாணம் எப்போது என்கிறாள். துரை, உனக்கு லீவு எப்போது? வெள்ளைக்காரியை முடித்துவிட்டாயானால் அதையாவது எழுதித் தொலை.

உன் அக்கா ருக்கு


கனடா
20.2.1979

அன்புள்ள அக்கா,

வெள்ளைக்காரி இல்லை, வெள்ளை எலிகள்தான். இந்த ஆய்வுக்கூடத்தில் நான் பார்ப்பவற்றுக்குப் பன்னீருக்கு வந்தது போன்ற சர்க்கரைதான் வருகிறது. குட்டிப் பருவம் தாண்டியதும் ஓயாமல் தண்ணீர் குடித்து இளைத்துவிடுகின்றன. அவற்றின் உடம்பே தன் கணையத்தைப் பகையென்று எண்ணி அழிக்கிறது. சொந்தத்துக்குள்ளேயே சேர்த்தால் வம்சம் விடாமல் வருகிறது. வேறு வம்சத்தோடு சேர்த்தால் குட்டிகள் தப்புகின்றன. ஆனால் அந்தக் குட்டிகளைத் தங்களுக்குள் சேர்த்தால் பேரக்குட்டிகள் சிலவற்றுக்குத் திரும்பவும் தலைகாட்டுகிறது.

சுசீலாவை எனக்குக் கட்டிவைக்காதே அக்கா. அவளிடம் ஒரு குறையும் இல்லை. வெளியில் கொடு.

ஜெகநாதன்


டாலிகஞ்ச்
30.4.1979

ஜெகநாதனுக்கு,

நான் அடுப்படியில் இருந்ததால் வழக்கம்போல் சுசீலாவைத்தான் கடிதத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். பேரக்குட்டிகள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். பக்கத்து ஊர் கராச்சர்மாவிலிருந்து நல்ல இடம் வந்தது, சொந்தமுமில்லை. அவளே வேண்டாமென்றுவிட்டாள். "என்னோட இது நிக்கட்டும்மா. தம்பி தண்ணி தண்ணின்னு கெடந்த மாதிரி இன்னொரு புள்ளையப் பாக்க என்னால ஆகாது" என்றாள்.

என் வயிற்றை எலிக்கூண்டாக்கிவிட்டாய். மாமா என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. உன் காலில் விழுந்து கேட்கிறேன், அதெல்லாம் எலிகளுக்கு மட்டும்தான் என்று அவளுக்கு ஒரு வரி எழுது.

ருக்கு


கனடா
8.6.1979

அக்கா,

நீ கேட்ட வரியைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மனிதர்களுக்கும் அப்படியே என்று யாரும் நிரூபிக்கவில்லை என்றும் சேர்த்திருக்கிறேன். சேர்த்த வரி உண்மை. நீ கேட்ட வரி உண்மையா என்று எனக்குத் தெரியாது. காலையில் கூண்டுகளில் தண்ணீர் தீர்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் பன்னீர் நினைவுதான். வேலையை விடவும் முடியவில்லை, செய்யவும் முடியவில்லை.

ஜெகநாதன்


டாலிகஞ்ச்
2.8.1979

தம்பிக்கு,

தாள் வந்தது. சுசீலா வாசித்துவிட்டு, "மாமா எனக்காகப் பொய் எழுதியிருக்காரு" என்று சிரித்தாள். போன வாரம் வடக்குத் தீவில் திக்லிபூருக்குப் பள்ளிக்கூட வேலைக்குக் கப்பலேறிவிட்டாள். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வாளாம், அது போதுமாம்.

கப்பல்துறையில் அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். நீ உண்மை எழுதியபோது நம்பினாள். நான் கெஞ்சி வாங்கியதை நம்பவில்லை.

உன்மேல் கோபம் இல்லை. கோபமாவது இருந்தால் தேவலை. இனி எனக்கு எழுதாதே தம்பி.

ருக்கு