மோட்டார் ஓடினால் வரும் சத்தம்

13-10-81, செவ்வாய்

வெயில். புரட்டாசி, ஊரில் கல்யாணமே இல்லை. செல்லூரில் பாண்டி அண்ணனின் சவுண்ட் சர்வீஸ் கடையில் கூம்பு ஸ்பீக்கரெல்லாம் கவிழ்ந்து கிடந்து தூக்கம். அவருடைய பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் இன்று முதல் என் வசம், என் கிட்டாருக்கு. ஆவணி முழுக்க மரம் மரமாக ஏறி அவருக்குக் கூம்பு கட்டியதற்குக் கூலி (ஐந்து கல்யாணம், ஒரு காதுகுத்து, எண்ண முடியாத கட்டெறும்புக் கடி).

“டிரான்சிஸ்டர் செட்டு வந்துருச்சு மாப்ள. இத எவன் தூக்குறது? கன்னுக்குட்டி கனம்.”

“கன்னுக்குட்டியாச்சும் தானா நடக்கும்ணே.”

மூடிப்போன டூரிங் கொட்டகையின் பெட்டி ஸ்பீக்கர் ஒன்றும் இனாம். சைக்கிள் கேரியரில் கட்டி, ஆனையூர் வரை தள்ளினேன். ஏறி மிதிக்கவில்லை. மிதித்தால் முன்சக்கரம் வானம் பார்க்கும்.

அம்மா: “என்னடா இது, அடுப்பா?”

சுவிட்சைப் போட்டதும் நாலு வால்வும் உள்ளே சிவந்தன. வீட்டில் ஏற்கெனவே ஒரு வால் உண்டு என்று ஊரே சொல்லும். இப்போது வால்வு நாலு. சூட்டுக்குப் பூனை மேலேறிப் படுத்துக்கொண்டது.

14-10-81, புதன்

கணக்கு டெஸ்ட். கணக்கு எனக்கு வரவில்லை, நானும் அதனிடம் போகவில்லை.

சாயங்காலம் மைக்கைச் சொருகி, ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் திருப்பி, பெரிய மனுஷக் குரலில்: “ரேசன் கடையில் மண்ணெண்ணெய் வந்துவிட்டது.” பதினோரு பேர் டின்னோடு ஓடினார்கள். பதினோராவது ஆள் அம்மா. மைக் பறிமுதல். கிட்டாரைப் பறிக்க யாருக்கும் தோன்றவில்லை.

சோதனை:
மைக் ஓட்டையில் கிட்டார்: சத்தம் உண்டு, ருசி இல்லை.
கிராமபோன் ஓட்டையில்: கொசு.
டோன் திருகு இடப்பக்கம்: போர்வைக்குள் பேச்சு.
வலப்பக்கம்: எவர்சில்வர் தட்டில் கரண்டி.

மொத்தத்தில் பேங்க் மேனேஜர். சுத்தம், மரியாதை, உயிர் மட்டும் இல்லை.

பிரச்சினை: பசுமலையில் இன்னிசைக் குழு நடத்தும் சேவியர் மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு வீட்டுக்கு வருகிறார். அவருடைய கிட்டார்காரர் துபாய்க்குப் போய்விட்டார். தீபாவளிக் கச்சேரிக்கு ஆள் வேண்டும். போன வாரம் போய்க் கேட்டபோது, “சுத்தமா வாசிக்கிற பயலுக எங்கிட்டயே அஞ்சு பேரு இருக்கான். ஒனக்குன்னு ஒரு சத்தம் இருந்தாச் சொல்லு, வாரேன்” என்றார். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

இல்லை.

15-10-81, வியாழன்

சாயங்காலம் ஐந்து மணி சுமார். எந்தத் திருகையும் தொடவில்லை. திடீரென்று வந்தது.

லேசாகத் தொட்டால் குழைகிறது. ஓங்கி அடித்தால் தொண்டை கட்டியவன் சிரிக்கிற மாதிரி உடைகிறது. உடைந்த பிறகும் நிற்கவில்லை, இழுக்கிறது. ஒரே தந்தியைக் கால் மணி நேரம் அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து எட்டிப் பார்த்து, “யாரையாச்சும் அடிக்கிறியா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எட்டு மணிக்கு மறுபடி பேங்க் மேனேஜர்.

சந்தேகப் பட்டியல்: வால்வு சூடு. கிட்டார் வயர். பூனை (மேலே படுத்திருந்தது. இறக்கினேன், ஏற்றினேன், வித்தியாசமில்லை. பூனை நிரபராதி).

16-10-81, வெள்ளி

கண்டுபிடித்தேன். குண்டு பல்புதான் காட்டிக்கொடுத்தது.

நேற்றிலிருந்து எங்கள் லைனில் பம்புசெட்டுக்குச் சாயங்கால முறை. அதுவரை காலை முறை. கரண்ட் விட்டதும் எல்லாக் கிணற்றிலும் மோட்டார் ஓடுகிறது. வோல்டேஜ் விழுகிறது. பல்பு பூசணிப்பூ நிறத்துக்குப் போகிறது. என் பெட்டிக்கு மூச்சுத் திணறுகிறது. அந்தத் திணறல்தான் சத்தம்.

உறுதிப்படுத்த வயலுக்குப் போனேன். “அப்பா, மோட்டார் எப்பப் போடுவீங்க?”

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். பதினாறு வயதுக்குள் அவரிடம் என்னென்னவோ கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டதில்லை.

“ஏன்?”

“சும்மாதான்.”

“அஞ்சு மணிக்கு.”

வீட்டுக்கு ஓடினேன். ஐந்து மணி. சத்தம். சரி.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் டீக்கடைக்கு வடை வாங்கப் போனால், அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சித்தப்பாவிடம்: “தானா வந்து கேட்டாண்டா, எப்பப்பா தண்ணி பாய்ச்சுறது, நானும் வாரேன்னு. நான் ஒண்ணும் சொல்லல.”

அப்படிக் கேட்கவில்லை. வடை வாங்காமல் திரும்பினேன்.

17-10-81, சனி

மோட்டார் ரூம் சாவி எப்போதும் அப்பாவின் அரைஞாண் கயிற்றில் இருக்கும். குளிக்கும்போதுகூட. காலையில் அதை அவிழ்த்து நீட்டினார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் இழுத்தார்.

“நாளைக்கு நீ போடு.”

ஊரையே ஏமாற்றியிருக்கிறேன், எல்லாம் திட்டம் போட்டு. இது திட்டமில்லாமல் நடந்தது. அதில் ருசியே இல்லை. சொல்லிவிட்டேன்: “பயிருக்காகக் கேக்கலப்பா. மோட்டாரு ஓடுனாத்தான் என் கிட்டாரு நல்லாக் கேக்குது. நாளைக்குச் சாயங்காலம் ஒரு மாஸ்டர் வாராரு. புடிச்சிருந்தா சேத்துக்குவாரு.”

நீட்டிய சாவியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“இம்புட்டுத்தானா.”

திரும்பக் கயிற்றில் கட்டிக்கொண்டார். கட்டுவதற்கும் நேரமானது.

அம்மா: “என்னடா சொன்ன அவருகிட்ட?”

“வோல்டேஜ் பத்தி.”

18-10-81, ஞாயிறு

மழை. விடிந்ததிலிருந்து. ஆனையூரே சிரிக்கிறது. முகம் தொங்கிப்போன ஒரே ஆள் நான். கொட்டுகிற மழையில் எவன் மோட்டார் போடுவான்? பல்பு கல்யாண வீடு மாதிரி பளீர்.

நாலரைக்கு மாஸ்டர், ஒரு குடை, முழங்கால் வரை நனைந்த பேண்ட். அப்பா அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு வெளியே போனார். வரப்பு பார்க்கவாக இருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு பாட்டு வாசித்தேன். மாஸ்டர், “சுத்தமா இருக்கு” என்றார். ஐந்து பேர் ஏற்கெனவே அப்படி இருக்கிறார்கள். அம்மா காபி கொடுத்தாள். மாஸ்டர் குடையைப் பார்த்தார். நான் பூனையைப் பார்த்தேன்.

மூன்றாவது பாட்டின் நடுவில் பல்பு மங்கியது. மஞ்சள். இன்னும் கொஞ்சம். பூசணிப்பூ.

“என்னப்பா, கரண்ட் போவுதா?”

வாசித்தேன். குழைந்தது, உடைந்தது, இழுத்தது. மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இம்புட்டு நேரம் இத எங்கடா வச்சிருந்த?”

“மண்டபத்துல இப்படிக் கேக்காது மாஸ்டர்.” பாண்டி அண்ணன் பெட்டி, வோல்டேஜ் கதை எல்லாம் சொன்னேன்.

வயிறு குலுங்கச் சிரித்தார். “அட, செட்டுக்குப் போற வயர்ல ஒரு பெரிய பல்பக் கோத்து விட்டா அது பாதி கரண்டத் தின்னுரும். உங்க பாண்டிக்கே தெரியும். புதன்கிழமை ஒத்திகை. வந்துரு.”

போய்விட்டார். ஆடலாம் என்று எழுந்தேன். பல்பு இன்னும் பூசணிப்பூவாகவே இருந்தது.

வாசலில் சித்தப்பா, சொட்டச் சொட்ட. “டேய், உங்கப்பனுக்கு என்னடா ஆச்சு? இந்த மழையில மோட்டாரப் போட்டுட்டு நிக்கிறாரு. என் கிணத்துச் சாவியையும் வாங்கிக்கிட்டாரு, மேக்காட்டுக்காரன் மோட்டாரையும் போடச் சொல்லிட்டாரு. மூணும் ஓடுது! ஊரே பாத்துச் சிரிக்குது!”

ஓடினேன். வரப்பெல்லாம் வழுக்கல், இரண்டு முறை விழுந்தேன். மோட்டார் ரூம் வாசலில் அப்பா. பயிர் மூழ்காமலிருக்க மடையை அடைத்துவிட்டு, குழாய்த் தண்ணீரை நேராகக் கண்மாய் வாய்க்காலுக்குத் திருப்பியிருந்தார். சாக்கு ஊறித் தொங்கியது.  

மோட்டார் இரைச்சலுக்கு மேல் கத்திக் கேட்டார்:

“அந்தாளு போயிட்டாரா? நிப்பாட்டிரவா?”