இடது மூலையில் சிவந்த கட்டம்

அன்பு மகள் பெரியவளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, கீழ்வீட்டுத் தையல்காரர் எழுதும் கடிதம். இங்கே எல்லோரும் சுகம். உன் தங்கை ஜெயித்துவிட்டாள்! முறையாக நலம் விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும் என்கிறார் தையல்காரர். என்னால் பொறுக்க முடியவில்லை, எழுதய்யா என்று சொல்லிவிட்டேன்.

அதற்குமுன் நடந்த கூத்தைக் கேள். சின்னவள் இதுவரை ஆடிய கூடைப்பந்து ஆட்டங்களில் எங்கெங்கே நின்று எறிந்தாள், எது வளையத்தில் விழுந்தது, எது தவறியது என்று நான் நினைவிலிருந்து சொல்ல, ஆட்டத்துக்கு ஒரு தாளாகத் தையல்காரர் புள்ளி வைத்து அனுப்பினார் அல்லவா? எல்லாவற்றையும் நீ ஒன்றாகச் சேர்த்தபோது புள்ளிமேல் புள்ளி விழுந்து, கரி அப்பியது போல ஆகிவிட்டது. பிறகு மைதானத்தைத் தேன்கூடு மாதிரி ஆறு பக்கக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று கணினியை எண்ணவைத்து, நிறம் பூசி அனுப்பினாய். எனக்கு எழுத்துதான் தெரியாது, நிறம் தெரியுமே! வளையத்துக்கு நேர் எதிரே ஒரு கட்டம் ரத்தச் சிவப்பு. இதுதான் உன் ராசியான இடம், அங்கேயே நில் என்று சின்னவளிடம் சொல்லிவிட்டேன்.

போன ஆட்டத்தில் அங்கேயே நின்று எறிந்தாள், எறிந்தாள், ஒன்றும் உருப்படியாக விழவில்லை. கோச் அம்மா காய்ச்சி எடுத்துவிட்டார். "அடுத்த ஆட்டத்துலயும் இதே லட்சணம்னா, நீ பெஞ்சுல உக்காந்து தண்ணி பாட்டிலப் பாத்துக்க. பெரிய போட்டிக்கு வேற ஆளக் கூட்டிட்டுப் போறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். பிள்ளை அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

நான் போனில் உன்மேல் எரிந்து விழுந்தேன். நீயோ சிரித்தாய். "அப்பா, செவப்பா இருந்தா அங்கேருந்து நிறைய எறிஞ்சிருக்கான்னுதான் அர்த்தம். விழுந்துச்சுன்னு யாரு சொன்னா?" என்றாய். எறிந்ததில் எவ்வளவு விழுந்தது என்பதற்கு நிறம் பூசி வேறு படம் அனுப்பினாய். ஒரே ஒரு பந்து எறிந்து, அதுவும் விழுந்த கட்டமெல்லாம் சிவந்து நின்று ஏமாற்றும் என்று அவற்றை வெள்ளையாக விட்டாயே, அங்கேதான் நீ கெட்டிக்காரி. மிச்சமிருந்த கட்டங்களில் சிவந்து நின்றது இடது மூலை. வேறு வழியில்லாதபோதுதான் அவள் அங்கே போவாள். படத்தை அவளிடம் கொடுத்து, இனி அங்கே போய் எறி என்றேன்.

நேற்று எதிரணிப் பெண்கள் எல்லாரும் வழக்கம்போல நடுவில் அவளை மறிக்க நின்றார்கள். இவள் நழுவி மூலைக்குப் போனாள். எறிந்தாள், விழுந்தது. மறுபடி எறிந்தாள், அதுவும் விழுந்தது! கடைசியில் நம் அணி ஒரே ஒரு புள்ளி பின்னே. பந்து அவள் கைக்கு வந்ததும் நான் நாற்காலிமேல் ஏறிவிட்டேன். பின்னாலிருந்தவர், "பெரியவரே, எறங்குங்க, மறைக்குது" என்று கத்தினார். "நீயும் ஏறுய்யா!" என்றேன். பந்து வளையத்தின் விளிம்பில் கூடப் படாமல் உள்ளே இறங்கியது. "எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே இந்த மூலைய?" என்று கேட்டுக் கோச் அம்மா அவளை அப்படியே தூக்கிவிட்டார். பெரிய போட்டிக்கு இவளும் போகிறாள்.

வீட்டுக்கு வந்ததும், படத்தை யார் வரைந்தது என்று கேட்டாள். நீ சொல்லக் கூடாது என்றாயே, அதனால் தையல்காரரின் தம்பி என்றேன். "அவரு லாரி ஓட்றவருதானே?" என்றாள். நான் செருப்பைத் தேடுவது போல வெளியே வந்துவிட்டேன். அப்புறம் பார்த்தால், படத்தைத் தன் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறாள்.

பந்து எறிந்து என்ன சம்பாதிக்கப் போகிறாய் என்று நீ கேட்டதும், அதற்கு அவள் வாய்க்கு வந்தபடி பேசியதும் எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. நீங்களாவது மறந்து தொலையுங்கள்.

நேற்றைய ஆட்டத்தையும் சேர்த்துப் புதுப் படம் வேண்டுமாம் அவளுக்கு. புள்ளி வைத்த தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், தாயே. படத்தை மட்டும் எனக்கு அனுப்பாதே. அவளுக்கே அனுப்பு.

இப்படிக்கு,
உங்கள் இருவரின் அப்பா