பொன்னுத்தாய் பெரியம்மா வைத்த கஞ்சி

திருமுருகன்பூண்டி,
பொங்கல் கழிந்த ஞாயிறு.

அன்புள்ள தங்கச்சி வினிதாவுக்கு,

அக்கா ரோஸ்மேரி எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நான் இருக்கிறேன், உன் பிள்ளைகள் ஜெனிஷாவும் ஆல்வினும் இருக்கிறார்கள். நீயும் கோவில்பட்டியில் உன் வீட்டுக்காரரோடும் மாமியாரோடும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். போன் செய்தால் நீ ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாய். பின்னால் உன் மாமியார் இருமுவது எனக்குக் கேட்கிறது. அவர்களை வைத்துக்கொண்டு நான் எதைப் பேச? அதனால்தான் நீ தையல் சொல்லிக்கொடுக்கிற சர்ச் ஹாலுக்கு எழுதுகிறேன். அங்கேயே உட்கார்ந்து படித்துவிடு.

பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் ஒன்றரை ஷிப்டு பார்க்காமல் விடமாட்டார்கள். இப்போது ஐந்தரைக்கே வேனில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். செக்கிங் டேபிளில் பாதிப் பேர் இல்லை. கல்யாணமாகாதவள், கையில் நிறைய நேரம் இருக்கும் என்று நீங்கள் எல்லாரும் கூடிப் பேசிப் பிள்ளைகளை என்னிடம் விட்டீர்களே, அந்த நேரம் எனக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

அந்த நேரத்தில்தான் ஒரு வேண்டாத வேலை செய்தேன். பழைய பேப்பர் கடையில் அட்டைப்பெட்டி போடப் போனபோது "ஆலங்கிணற்றுப் பிள்ளைகள்" கண்ணில் பட்டது. நம் பள்ளிக்கூட லைப்ரரியில் இருந்த அதே புத்தகம், அதே பச்சை அட்டை. உனக்கு மறந்திருக்காது. ஒரு அத்தியாயம் நீ, ஒரு அத்தியாயம் நான் என்று மாற்றி மாற்றிப் படிப்போம். அம்மா தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போய்விட, பவளமும் அவள் தம்பியும் பொன்னுத்தாய் பெரியம்மா வீட்டில் மாட்டிக்கொண்டு படும் பாடுதான் கதை. பெரியம்மா கருப்பட்டியைப் பானைக்குள் ஒளித்துவைப்பாள், பிள்ளைகள் திருடுவார்கள், அவள் புளியம்விளாறை எடுத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி ஓடிவருவாள். நீ முந்தானையைச் செருகிக்கொண்டு அவளைப்போல நடித்துக் காட்டுவாய். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். யாராவது முகத்தைச் சுளித்தால் போதும், "பொன்னுத்தாய் வாரா" என்று சொல்லிவிட்டு ஓடுவோம்.

பிள்ளைகளும் அப்படிச் சிரிக்கட்டும் என்றுதான் வாங்கிவந்தேன். சாயங்காலம் தோசை ஊற்றி முடித்ததும் ஒரு அத்தியாயம் என்று ஆரம்பித்தோம். முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. மூன்றாவது அத்தியாயத்தில் பொன்னுத்தாய் வந்தாள். நான் குரலை மாற்றி, கையை ஓங்கி, உன்னைப்போலவே செய்துகாட்டினேன். ஆல்வின் சிரிக்கவில்லை. "ஏனுங் பெரிம்மா, எல்லாப் பெரிம்மாவும் இப்படித்தானுங்களா?" என்று கேட்டான். உன் பிள்ளைகள் இந்த ஊர்ப் பேச்சுதான் பேசுகிறார்கள், நம் பேச்சு அவர்களுக்கு வராது. ஜெனிஷா அவன் தொடையில் கிள்ளினாள். கிள்ளியதை நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தது. படிப்பதை நிறுத்திவிட்டுச் சட்னிப் பாத்திரத்தைக் கழுவப் போனேன்.

அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை நான் வேறு கண்ணால் படித்தேன், வினி. கம்பெனியில் தையலில் ஓட்டை தேடுகிற கண் எனக்கு. தேடினால் கிடைக்காமல் போகுமா? அந்தப் பிள்ளைகள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் கஞ்சி குடிக்கிறார்கள். வைத்தது யார்? ஜுரம் வந்தபோது பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் ஓடியது யார்? எல்லாம் பொன்னுத்தாய்தான். அவள் திட்டியதற்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. அவள் எப்போது சாப்பிட்டாள் என்று புத்தகம் முழுக்க ஒரு வரி இல்லை. கடைசி அத்தியாயத்தில் அம்மா மிட்டாய்ப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்கள், கதை முடிந்தது. பொன்னுத்தாய் வாசலில் நின்றாளா, உள்ளே போனாளா, எழுதியவருக்கு அந்தக் கவலையே இல்லை. சின்ன வயதில் நமக்கும் இருந்ததில்லை.

கடைசி அத்தியாயத்துக்கு வரும்போது டிசம்பர் ஆகிவிட்டது. இதை மட்டும் இப்போது படிக்க வேண்டாம் என்று ஜெனிஷா தடுத்துவிட்டாள். "கிறிஸ்துமஸுக்கு அம்மா வர்றேன்னு சொல்லிருக்காங்கல்லங்க, அம்மாவையே படிக்கச் சொல்லலாம்" என்றாள். பக்கத்தில் ஒரு தலை ரிப்பனை வைத்து மூடினாள். அன்றிலிருந்து ஆல்வின் லைன் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். வீட்டுக்காரம்மா சாரதாமணி அக்கா வேறு, போகிறபோதும் வருகிறபோதும், "கண்ணு, அம்மா என்னைக்கு வர்றாங்க?" என்று அவனைக் கேட்டுக் கேட்டு ஏற்றிவிட்டார்கள்.

நீ வரவில்லை. பார்சல் வந்தது.

அதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், கோபப்பட்டால் படு. கவுனும் சட்டையும் நல்ல துணி, தையலும் சுத்தம். கழுத்தில் லேபிளைப் பார்த்தேன். ஜெனிஷாவுக்கு ஏழு எட்டு வயது, ஆல்வினுக்கு நாலு ஐந்து வயது. நீ விட்டுவிட்டுப் போன அன்றைக்கு அவர்கள் இருந்த சைஸ் அது. இங்கே கம்பெனியில் பிள்ளைகள் சட்டைக்கு சைஸ் லேபிள் வைத்துத் தைத்தே கை காய்த்துப் போனவள் நீ. கண்ணால் பார்த்தே அளவு சொல்வாய். முகம் தெரியாத வெளிநாட்டுப் பிள்ளைகள் வருஷத்துக்கு எவ்வளவு வளரும் என்று தெரிந்த உனக்கு, உன் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள் என்று தோன்றவில்லை பார்.

வேறு கவுன் எடுத்துத் தருகிறேன் என்று நான் எவ்வளவோ சொன்னேன். ஜெனிஷா கேட்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதையேதான் போட்டாள். சர்ச்சுக்குள் நுழையும் முன்பே கக்கத்தில் தையல் விட்டுவிட்டது. ஆராதனை முடிகிற வரைக்கும் இரண்டு கையையும் விலாவோடு ஒட்டியே வைத்திருந்தாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் கை தட்டிப் பாடுகிறார்கள், இவள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிறாள். பாஸ்டர் அம்மா கேக் நீட்டியபோதுகூடக் கையை நீட்டவில்லை. வேண்டாங்க என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து தானே கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

ஆல்வின்தான் விடவில்லை. கடைசி அத்தியாயம் எப்போது என்று நச்சரித்தபடியே இருந்தான். எனக்கு அதைப் படிக்க வாய் வரவில்லை. நாளைக்கு, நாளன்றைக்கு என்று தள்ளினேன். போன ஞாயிறு குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறானதால் பக்கத்து சிற்பக் கூடத்தில் உளிச் சத்தம் இல்லை, ஜன்னல் வழியாக வீட்டுக்குள் பேசுவது தெளிவாகக் கேட்டது. ஜெனிஷா தம்பிக்குப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். புத்தகத்தை விரித்துவைத்து, வரி வரியாக விரலை ஓட்டி, நிஜமாகவே படிப்பது போலத்தான் படித்தாள். அவன் இன்னும் எழுத்துக் கூட்டுகிற நிலையில்தானே இருக்கிறான், அவனுக்கு என்ன தெரியும்?

"பஸ்ஸு வந்து நின்னுச்சு. எல்லாரும் எறங்குனாங்க. அம்மா எறங்கல. பஸ்ஸு போயிருச்சு. பவளமும் தம்பியும் திரும்பி ஊட்டுக்கு வந்தாங்க. பெரிம்மா கஞ்சி வெச்சிருந்தாங்க. ரெண்டு பேரும் குடிச்சாங்க" என்று படித்தாள். அப்புறம் என்று ஆல்வின் கேட்டான். அவ்வளவுதான் கதை என்றாள். அவனுக்கு மனசு ஆறவில்லை. பெரிம்மா திட்டினார்களா என்று கேட்டான். அவள் இன்னொரு பக்கத்தைப் புரட்டினாள். பிறகு, "திட்டுனாங்க. அவங்களும் கூட உக்காந்து குடிச்சாங்க" என்றாள்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? கேட்டவுடன் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உன்னை ஜெயித்துவிட்டது போல இருந்தது. அடுத்த நிமிஷம் அந்த ஒன்பது வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அம்மா வரமாட்டாள் என்பதைத் தம்பிக்கு எப்படிச் சொல்வது என்று அவள் தனியாக உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். நானும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. நாம் இரண்டு பேரும் செய்யவேண்டிய வேலையை அவள் செய்தாள். குழாயை மூடாமலே உட்கார்ந்து அழுதேன். சாரதாமணி அக்கா வந்து, ஏனுங் தண்ணி போகுதுங்க என்று சத்தம் போட்ட பிறகுதான் எழுந்தேன்.

பிள்ளைகளின் அப்பா ஜெபராஜ் விபத்தில் போன பிறகு நீ இன்னொரு கல்யாணம் செய்துகொண்டதை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. முதலில் சரி என்றது நான்தான். முழுப் பரீட்சை லீவில் அழைத்துக்கொள்கிறேன் என்றாய். அந்த லீவு போனது, அடுத்த லீவும் போனது. மாமியார் மனசு மாற வேண்டும் என்கிறாய். உன் மனசு எங்கே இருக்கிறது என்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஒரு தடவை சொல், வினி.

நீ உண்டாகியிருக்கிற விஷயம் எனக்குத் தெரியும். ஐந்து மாதமாமே. நம் மாமா மகள் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்திருக்கிறாள். கூடப் பிறந்தவளுக்கு ஊரார் சொல்லித் தெரியவேண்டியிருக்கிறது. பரவாயில்லை. பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை, அதை நீதான் சொல்ல வேண்டும்.

வா. வந்து இருவரையும் கூட்டிக்கொண்டு போ. அவர்கள் துணியை நான் மடித்துக் கொடுக்கிறேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன். முடியாது என்றால் வந்து அவர்கள் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல். நான் சாகிற வரைக்கும் வைத்துக்கொள்கிறேன், அதிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்து, அரை நாள் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குப் போவதாக இருந்தால் வராதே. கும்பிட்டுக் கேட்கிறேன், பார்த்துவிட்டுப் போக மட்டும் வராதே.

உடம்பைப் பார்த்துக்கொள். இரும்பு மாத்திரையை விட்டுவிடாதே, ஆல்வின் சமயத்தில் உனக்கு ரத்தம் குறைந்தது. மாதம் ஏறுகிறது, தையல் மிஷினில் ரொம்ப நேரம் உட்காராதே. கர்த்தர் உனக்குச் சுகப்பிரசவம் தருவார். பிறக்கப்போகிற அந்தப் பிள்ளையாவது பெரியம்மா என்று ஒருத்தி இருப்பதே தெரியாமல், உன் கையாலேயே சோறு தின்று வளரட்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா,
ரோஸ்மேரி.