சந்தனம் பூசிய சிடி

2006 நவம்பர் 7
கம்பெனி பஸ்ஸில் பூவராகவனின் ஜன்னல் சீட் இன்றும் காலி. யாரும் உட்காரவில்லை. தம்பி போன வாரம் நெஞ்சுவலியில் போனான். எங்களுக்குள் பேச்சு, ஆறு வருஷத்துக்கு முன் நிலம் பிரித்த அன்றே போய்விட்டது. கிணறு இருந்த பாகத்தை அவன் எடுத்துக்கொண்டதை நான் மறக்கவில்லை. பிறகு ஏன் பொன்னேரி தாண்டும்போதெல்லாம் அந்த சீட்டிலிருந்து இருமல் கேட்கிறது?

நவம்பர் 8
அவன் மனைவி ஜோதிலட்சுமி வந்தாள். "மாமா, பதினாறாம் நாளு மாலை போட ஒரு போட்டோ இல்ல. ஓட்டர் கார்டுல யாரோ மாதிரி கீறாரு. கம்பெனில நீங்க எடுத்தீங்களாமே?"
இந்த மார்ச்சில், பாதுகாப்பு வாரத்தில் எடுத்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும். தருகிறேன் என்றேன். அவளுக்காக. அவனுக்காக அல்ல.

நவம்பர் 9
இல்லை. வைரஸ் என்று அப்ரார் எல்லாவற்றையும் அழித்திருக்கிறான். என்னைத் தாண்டிக் கம்ப்யூட்டர் பொறுப்பை வாங்கியவன். "சிடில காப்பி கீது சார். இல்லாம ஃபார்மேட் அடிப்பனா?" என்கிறான். சிடி எங்கே என்றால் தலையைச் சொறிகிறான்.

நவம்பர் 10
கிடைத்தது. ஸ்டோரில், சாமி படத்துக்குப் பின்னால். ஆயுத பூஜைக்கு வைத்ததை யாரும் எடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் போட்டால் சுற்றுகிறது, நின்றுவிடுகிறது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பளபளக்கும் பக்கத்தில் காய்ந்த சந்தனம்.
"உங்க தம்பிதான் சார் வச்சாரு. மெஷினுக்கெல்லாம் வச்சிகினே வந்தவரு, சிடி மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சுன்னாரு" என்றான் அப்ரார்.
சந்தனத்தில் அவன் விரல் ரேகை அப்படியே இருக்கிறது. ஈரத் துணியோடு வந்தான். தொடாதே என்றேன்.

நவம்பர் 11
துடைக்கவில்லை.

நவம்பர் 12
துடைத்தால் படம் வரலாம். ரேகை போய்விடும். ஏன்டா, பேர் எழுதின பக்கம் வச்சிருக்கக் கூடாதா — செத்தும் என்னை விடமாட்டியா?

நவம்பர் 13
ஜோதியிடமே கொண்டுபோய்க் காட்டினேன். ரேகையைப் பற்றிச் சொன்னேன். உற்றுப் பார்த்தாள். நான் கையை நீட்டுவதற்குள் முந்தானையை நனைத்துத் துடைத்துவிட்டாள்.
"வெரலுக்கா மாலை போடுவாங்க? மூஞ்சி வேணும் மாமா."
அப்புறம் அந்த ஈர முனையைப் பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

நவம்பர் 14
படம் வந்தது. அப்ரார் மூன்று பிரதி எடுத்தான். "ஒண்ணு உங்களுக்கு சார்." நான் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.
பூவராகவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துச் சிரிக்கிறான். கம்ப்யூட்டரில் பெரிதாக்கி அவன் கண்ணைப் பார்த்தேன். அன்று கேமராவைப் பிடித்திருந்தவன் நான். என் பக்கத்தில் வேறு யாரும் நிற்கவில்லை.