மைலோவில் கசப்பு

மாமி,

பங்சாரில் டாக்டரைப் பார்க்கப் போகிறேன். சாவி மீட்டர் பெட்டிக்குள்.

இரவில் நீங்கள் கலக்கித் தரும் மைலோ பானம் கசக்கிறது. தூக்க மருந்து கலக்கிறீர்கள் என்று சந்தேகப்பட்டேன். ஆனால் விடியும்வரை தூக்கமே இல்லை. இன்று இஞ்சி இடிக்கும் உரலில் வெள்ளைத் தூள் பார்த்தேன். வீட்டில் நான் திறக்காமல் வைத்திருந்த ஆஸ்துமா ஸ்டீராய்டு மாத்திரைப் போத்தல் பாதி காலி.

ஆஸ்துமா மாத்திரையை நான் நிறுத்தவில்லை. தினமும் காலையில் அலுவலகத்தில் வைத்திருக்கும் இன்னொரு போத்தலிலிருந்து விழுங்குகிறேன். இரவில் போட்டால் தூக்கம் கெடும். நீங்களோ இரவில் இன்னொன்று தருகிறீர்கள்.

“மருந்து குடிச்சிட்டன் எண்டு பொய் சொல்லியே மகள் போயிட்டாள், மருமகனையும் விடமாட்டன்” என்று போனில் யாரிடமோ சொன்னீர்களே, இப்போதுதான் புரிகிறது.

நாளையிலிருந்து உங்கள் கண்முன்னே விழுங்குகிறேன்.

தயாபரன்

பி.கு. மைலோவை நிறுத்த வேண்டாம். ஆனால் முதல் வாய் நீங்கள் குடித்துக் காட்ட வேண்டும்.