சாக்குக் கழிவு இல்லாத நிறை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விமானத்திலிருந்து குதிப்பதை டுபாய்த் திமிர் என்றுதான் நினைத்திருந்தேன். டுபாயில் வேலை செய்துகொண்டே குதிக்கப் பழகி, லீவில் பசறைக்கு வந்திருக்கும் அண்ணன் மகள் சுகன்யா, சின்ன பாரசூட்டுக்கு மாறலாமா என்று சென்னைக்காரப் பயிற்சியாளரிடம் போனில் கேட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அவர் அவளுடைய உடல் நிறையைக் கேட்டார். சொன்னாள்.

"முதுகுப் பையோடயா?"

"இல்ல சார், என்னோடது மட்டும்." தேயிலைக் கொழுந்து நிறுக்கையில் சாக்கைக் கழித்தே பழகிய தோட்டத்துப் பிள்ளை, பாரசூட் பையையும் கழித்திருக்கிறாள்.

"அதையும் சேர்த்தா சின்னது உன்னை வேகமா இறக்கும். கால் முறியும்மா."

"அப்ப பெரிசிலேயே பழகுறேன் சார்."

"ஆசைப்பட்டியேடி?" என்றேன்.

"காலு மேலயும் ஆசைதான் அத்தை!"

எவ்வளவு ஆசையை எவ்வளவு இலகுவாகக் கீழே வைத்துவிட்டாள்! அடுத்து எப்போது குதிப்பாய் என்று நானே கேட்டேன். நாள் சொன்னாள். அன்று எனக்குத் தூக்கம் இருக்காது.